வேறொருத்தியின் வலிப்பு

பூவிழி அதுவரை ஒரு விமானத்தின் படிக்கட்டைக்கூட மிதித்ததில்லை. ஆனால் அவளுடைய நிழல், வான்படையின் போர் விமானத்தில் இருபது வருடப் பணியைப் பறந்து முடிக்கப் போய், வழியில் எங்கோ விழுந்துவிட்டது. ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் அத்தனையும் நடந்து முடிந்தது. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்தவளிடம் "தகுதியில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நிழல் என்பது ஜனங்கள் வைத்த பெயர். அரசாங்கம் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. பிறந்த ஆஸ்பத்திரியில் தொடங்கி, போட்ட தடுப்பூசி, வந்த காய்ச்சல், ஒடிந்த எலும்பு, விழுங்கிய மாத்திரை என்று ஒருவருடைய உடம்பைப் பற்றி எங்கெங்கே என்னென்ன பதிவாகியிருக்கிறதோ அத்தனையையும் சேர்த்துக் கணினிக்குள் வளர்க்கிற இன்னொரு உடம்பு அது. நமக்கு வயதாக ஆக அதற்கும் வயதாகும். ஓட்டுநர் உரிமம் தருகிறவர்கள் அதைத்தான் பார்த்தார்கள். கடன் கொடுக்கிறவர்கள் பார்த்தார்கள். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறவர்கள்கூட ஆள் பிடித்துத் திருட்டுத்தனமாகப் பார்த்தார்கள்.

வான்படை இன்னும் ஒரு படி மேலே. ரத்தம், தலைமுடி, பல்லில் சுரண்டிய ஒரு துணுக்கு என்று எல்லாவற்றையும் வாங்கி நிழலோடு வைத்துப் பார்த்துவிட்டு, அதைக் கணினிக்குள்ளேயே ஒரு விமானத்தில் ஏற்றிப் பறக்கவிட்டது. நிழல் தாங்கினால் ஆளை எடுப்பார்கள். தாங்காவிட்டால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். காரணம் மட்டும் சொல்லமாட்டார்கள். முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்களாம். காரணம் தெரிந்ததும் ஆட்கள் ஓடிப்போய், அந்த ஓர் இடத்தை மட்டும் மருந்தாலும் கத்தியாலும் ஒட்டுப்போட்டுக்கொண்டு திரும்பி வந்து நின்றார்களாம். அதனால் நிழலில் ஏதேனும் பிழை இருக்கிறதென்று யாராவது காட்டினால் மட்டும் இரண்டாம் முறை பறக்க விடுவார்கள். அதிலும் விழுந்தால், அப்புறம் ஆசைக்கு இடமில்லை என்பதால் காரணத்தைச் சொல்லிவிடுவார்கள்.

இருகூர் வீட்டில் பூவிழி நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எழுத்துத் தேர்வு, உடல் தேர்வு, நேர்முகம் என்று எல்லாவற்றிலும் முன்வரிசையில் வந்த பெண். அவள் அழுதிருந்தால்கூட அப்பா சென்னியப்பனுக்குத் தேவலை என்று இருந்திருக்கும். அவளோ அப்பாவின் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நிதானமாகக் கேட்டாள்.

"அப்பா, சின்ன வயசுல எனக்கு ஏதாச்சும் சீக்கு இருந்துச்சாங்ப்பா? மறைக்காமச் சொல்லுங். திட்ட மாட்டேன்."

"உனக்கா? உனக்கு ஒண்ணுமில்ல கண்ணு. சளி புடிச்சா உண்டு."

அவர் சொன்னது சத்தியம். ஆனாலும் அவருக்கு முகம் வேர்த்துவிட்டது.

சென்னியப்பன் பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிறவர். வார்ப்பு இரும்பைச் சின்னச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அவர் ஒதுக்கியதை அறுத்துப் பார்த்தால் அவர் சொன்ன இடத்தில்தான் ஓட்டை இருக்கும். இதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கருவிகள் வந்த பிறகும் சுத்தியலைக் கீழே வைக்காத மனிதர். பூவிழியின் நிழலிலும் ஓட்டை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்த ஓட்டையைப் போட்டவரே அவர்தான்.

அவருடைய தங்கை சுகுணா சோமனூரில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் இன்னொருவர் தறிக்கூடத்தில் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். அவர்களுடைய மகள் தாரணி, பூவிழியைவிட நாலைந்து மாதம் மூத்தவள். தாரணிக்கு ஐந்து வயதில் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்து ஆசாரி ஊசியை எடுத்தபோது, அந்த மடியிலேயே குழந்தைக்குக் கையும் காலும் இழுத்துக்கொண்டன. யாரோ சாவிக்கொத்தைத் தேடி ஓடினார்கள். சென்னியப்பன் அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கோயம்புத்தூருக்கு வண்டி ஏறிவிட்டார்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் "காப்பீடு இருக்குதுங்களா?" என்றாள். கம்பெனி கொடுத்த அட்டை அவர் சட்டைப்பையில் இருந்தது. அது அவருக்கும், அவர் மனைவிக்கும், அவர் மகளுக்கும் செல்லும். தங்கை மகளுக்குச் செல்லாது. "குழந்தை பேருங்?" என்று கேட்டபோது, தோளில் துவண்டு கிடந்த பிள்ளையைத் தடவிக்கொண்டே அவர் "பூவிழி" என்றார். மாமன் மடியில் விழுந்த பிள்ளையை மாமன் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்? அந்த நேரத்தில் அது பொய்யாகவே அவருக்குத் தோன்றவில்லை.

அதன்பிறகு மூன்று வருடம் தாரணி அந்த ஆஸ்பத்திரியில் பூவிழியாகவே இருந்தாள். நர்ஸ் "பூவிழி" என்று கூப்பிட்டால் சமர்த்தாக எழுந்து போவாள். மருந்து கேட்டது, வலிப்பு நின்றது, மாத்திரையையும் நிறுத்தினார்கள். திரும்ப ஒருநாளும் வரவில்லை. எல்லாரும் மறந்தே போனார்கள். சில வருடம் கழித்து நிழல் சட்டம் வந்து, நாட்டிலுள்ள பழைய ஆஸ்பத்திரிப் பதிவுகளை எல்லாம் கணினிக்குள் கொட்டியபோதுதான் சென்னியப்பனுக்கு ஒரு நிமிஷம் திக்கென்றது. பழைய கதையை யார் தோண்டப் போகிறார்கள் என்று அன்றைக்குத் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

தாரணி இப்போது மேட்டுப்பாளையம் கோத்தகிரி வழியில் பேருந்து ஓட்டுகிறாள். அவளுடைய நிழல் கண்ணாடிபோலச் சுத்தம். வலிப்பு ஒருமுறை நிழலில் ஏறிவிட்டால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் பயணிகள் வண்டியைத் தொடக்கூடாது என்பது சட்டம்.

விஷயத்தை மனைவி ரேணுகாவிடம் மட்டும் சொன்னார். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அதனாலதான் உழுந்துச்சுன்னு உங்களுக்கு ஆரு சொன்னா?"

"ஆரு சொல்லோணும்? வலிப்பு இருக்கறவளைப் பிளேன்ல ஏத்துவானா? இது தெரியறதுக்குப் பெரிய படிப்பு வேணுமா?"

"இரும்பைத் தட்டிப் பாத்துச் சொல்ற மாதிரியே சொல்றீங். எதுக்கும் தாரணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் செய்யுங்."

கேட்கத்தான் போனார். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தாரணியே அவரைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினாள்.

"வாங் மாமா! என்னங் திடீர்னு? கோத்தகிரிக்கா?"

"ஆமா கண்ணு, ஒரு சோலி."

"முன்னால சீட்டுல ஒக்காருங். நான் ஓட்டி நீங்க பாத்ததே இல்லியே."

சமவெளியில் பேருந்துகள் தாமாகவே ஓடப் பழகி வெகுநாள் ஆகிறது. மலையில் மட்டும் இன்னும் மனிதர்களைத்தான் நம்பினார்கள். பனி இறங்கினால் பாதையும் பள்ளமும் ஒரே நிறம். போதாததற்கு, காட்டெருமைக்கு முன்னால் எப்படி மரியாதையாக நடந்துகொள்வது என்பது எந்தக் கணினிக்கும் பிடிபடவில்லை. அன்றைக்கும் ஒரு வளைவில் பெரிய காட்டெருமை ஒன்று நடுரோட்டில் நின்றது. தாரணி வண்டியை அமர்த்திவிட்டு, ஸ்டியரிங்கில் கையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள்.

"இவிய ரோடு மாமா இது. நாமதான் விருந்துக்கு வந்த ஒறம்பர. போன்னு சொல்ல முடியுமா?" என்று சிரித்தவள், சட்டென்று குரலை இறக்கிக் கேட்டாள். "பூவிக்கு என்னாச்சுங்? போன் பண்ணா எடுக்கவே மாட்டீங்கறா."

"இன்னொருக்காப் பாப்பாங்க போல."

"கெடச்சிரும் பாருங். அவளுக்குக் கெடைக்காம வேற ஆருக்குக் கெடைக்கப்போகுது? மேல அவ ஓட்டட்டும், கீழ நான் ஓட்டறேன். மாமன் ஊட்டுப் புள்ளைங்க ரெண்டும் டிரைவருன்னு ஊரே பேசோணும்."

எருமை மனசு வந்து நகர்ந்தது. வண்டி புறப்பட்டது. சென்னியப்பனின் நாக்கு நுனியில் இருந்த வார்த்தை அங்கேயே இருந்தது. அடுத்த வளைவில் சொல்லலாம், அடுத்த வளைவில் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே கோத்தகிரி வந்து சேர்ந்துவிட்டார். அவள் டீ வாங்கிக் கொடுத்தாள். அத்தைக்கு என்று வர்க்கி வாங்கிக் கையில் திணித்தாள். இல்லாத சோலியைத் தேடி அவர் கடைவீதிக்குள் நடந்தார். ஆசையாக ஓட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் வண்டியை விட்டு இறங்கு என்று எந்த வாயால் சொல்வது? அதற்குப் பதில் அவளுக்குத் தெரியாமலேயே இறக்கிவிடுவது சுலபமாக இருந்தது. இதை நினைத்தால் எனக்கே அவர்மேல் கோபம் வருகிறது. ஆனால் வீட்டில் ஒரு பெண் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும்போது, தகப்பன் மனசு தராசுபோல நேராக நிற்பதில்லை.

மருத்துவ வாரியத்தில் டாக்டர் ஷெரின் என்று ஒருவர். வான்படைச் சீருடையில் இருந்தாலும் பேச்சு நாகர்கோவில் பக்கத்து வீட்டுக்காரர்போலத்தான் இருந்தது. சென்னியப்பன் ஆரம்பித்ததுமே அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சார், ஒரு நிமிஷம். நிழல்ல பிழைன்னு நீங்க சொன்னா நான் அதப் பதிவு பண்ணியே ஆகணும். பதிவு பண்ணினா எல்லா ஆபீசுக்கும் போயிடும். புரியுதா?"

"புரியுதுங் மேடம்."

"முதல் தடவை ஏன் எடுக்கலன்னு நான் உங்ககிட்ட சொல்லக்கூடாது. அதுவும் புரியுதா?"

"எனக்கே தெரியுமுங்."

"இல்ல சார். உங்களுக்குத் தெரியாது." டாக்டர் அவர் முகத்தையே பார்த்தார். "கேன்டீன்ல டீ நல்லா இருக்கும். போய் ஒண்ணு குடிங்க. நல்லா யோசிங்க. அதுக்கப்புறம் நீங்க நேரா வீட்டுக்குப் போனாலும் நான் தப்பா நினைக்கமாட்டேன்."

தன் உறுதியைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டார். பட்டாளத்துக்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று அவருக்கு ஓர் எண்ணம். டீ குடிக்கப் போகவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காதுகுத்திலிருந்து மாத்திரை நிறுத்தியது வரை ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில், "அந்தக் குழந்தை யாரு?" என்று டாக்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். சென்னியப்பன் தங்கை மகளின் முழுப்பெயரையும் ஊரையும் சொன்னார். இந்த முறை உண்மையான பெயரைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

அந்த வாரமே தாரணியை டிப்போவுக்குக் கூப்பிட்டு ரத்தமும் பல் துணுக்கும் எடுத்தார்கள். மறுநாள் அவளுடைய உரிமம் போயிற்று.

சுகுணா இருகூருக்கு வந்தபோது பூவிழிதான் கதவைத் திறந்தாள். சுகுணா செருப்பைக் கழற்றவில்லை. ரேணுகா நீட்டிய தண்ணீரையும் வாங்கவில்லை.

"ஏண்ணா, கேட்டிருந்தீங்கன்னா அவளே வந்து சொல்லியிருப்பா. பூவிக்குன்னா அவ உசுரையே குடுப்பா, உங்களுக்குத் தெரியாதா? அவ வண்டியிலயே ஏறி, அவ வாங்கிக் குடுத்த டீயைக் குடிச்சுப்போட்டு, ஒரு வார்த்தை சொல்லாம வந்திருக்கறீங். நீங்க காப்பாத்திக் குடுத்த புள்ளைதான். அதுக்காகக் கேக்காமயே எடுத்துக்கலாமுன்னு ஆயிருச்சா?"

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். தங்கை போன பிறகும் நிமிரவில்லை. பூவிழிக்கு அப்போதுதான் முழுக்கதையும் தெரிந்தது. அவள் மாடிக்குப் போய்த் தாரணிக்குப் போன் செய்தாள். தனக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு வேண்டாம், வாரியத்துக்குப் போகப் போவதில்லை என்று அழுதாள். தாரணி சொன்ன பதில் கீழே வரைக்கும் கேட்டது. அவளுக்கு எப்போதும் மலையில் ஹாரன் அடிக்கிற மாதிரிக் குரல்.

"பைத்தியமா நீ? இப்ப நீயும் போகாம நின்னா என்ற வண்டி போனது வீணாப் போயிருமல்ல? ஒழுங்கா மருவாதையாப் போ. போயி வாங்கிட்டு வா."

பூவிழி போனாள். சென்னியப்பனும் கூடப் போனார். அவள் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பிழை நீக்கிய நிழலை மறுபடி பறக்கவிட்டார்கள். காத்திருக்கும் கூடத்தில் அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவர் ஜபம்போல ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தார்: இது மட்டும் கிடைத்துவிட்டால், தாரணியின் காலில் விழுந்தாவது சரிக்கட்டிவிடலாம்.

டாக்டர் ஷெரின் இருவரையும் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். முகத்தைப் பார்த்ததுமே பூவிழிக்குத் தெரிந்துவிட்டது.

"எங்க உழுந்துச்சுங் மேடம்?"

"ஒன்பதாவது வருஷம். போர் விமானம் வேகமாத் திரும்பறப்போ உடம்பு எடை ஏழெட்டு மடங்கு ஆகும். உன் இடது கண்ணுக்குப் பின்னால ஒரு ரத்தக்குழாய் மத்தவங்களுக்கு இருக்கறதவிட மெலிசு. அது தாங்கல. நடுவானத்துல பார்வை போயிடுது. மத்தபடி நீ படிக்கலாம், ஓடலாம், நூறு வயசு வாழலாம். இந்த ஒரு வேலை மட்டும்தாம்மா முடியாது."

"இது எதனாலங்?"

"எதனாலயும் இல்ல. பொறக்கும்போதே அப்படி. யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது."

"மொதத் தடவ?"

"அதே வருஷம். அதே கண்ணு."

சென்னியப்பன் மேஜைப் பக்கம் குனிந்தார்.

"அப்ப அந்த வலிப்புங்?" என்றார்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அது உங்க பொண்ணோடது இல்லன்னு எங்களுக்கு முதல்லயே தெரியும் சார். அந்த வயசுல மூணு வருஷம் அந்த மாத்திரை சாப்பிட்டிருந்தா, முளைக்கற பல்லுல அதோட தடம் விழுந்துடும். இவ பல்லுல ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரியில ஏதோ ஆள் மாறிப் பதிவாயிடுச்சுன்னு நிழலே அத ஒதுக்கி வச்சுட்டுத்தான் பறந்தது. இந்த மாதிரி நாட்டுல லட்சம் பதிவு இருக்கு. யாரோடதுன்னு யாரும் தேடறதில்ல. தேட ஆளும் கிடையாது."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே மேடம்."

"சொல்லக்கூடாதுன்னு சட்டம். டீ குடிக்கப் போங்கன்னுதான் சொல்ல முடிஞ்சுது."

சென்னியப்பன் எழுந்து நின்றார்.

"நான் பொய் சொல்லிப்போட்டன்னு எழுதிக்குங் மேடம். புள்ளைக்கு எடம் வாங்கறதுக்காக இல்லாததச் சொன்னேன்னு போடுங். என்னை ஜெயில்ல வெச்சாலும் சரி. அவளுக்கு வண்டியைக் குடுத்துருங்."

"பொய்யா இருந்தா அழிச்சுடலாம் சார். அந்தப் பொண்ணோட பல்லையும் பாத்துட்டாங்க."

வெளியே வந்தார்கள். மதிய வெயில். வாரியத்தின் வாசலில் அடுத்த அணிப் பிள்ளைகள் பெற்றோரோடு வரிசையில் நின்றிருந்தார்கள். பூவிழி கொஞ்ச தூரம் முன்னால் நடந்து, ஒரு வேப்பமரத்தடியில் நின்றாள். அழவில்லை. வானத்தையும் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் வந்ததும், "அவகிட்ட ஏம்ப்பா ஒரு வார்த்தை கேக்கல?" என்றாள்.

அப்போது அவளுடைய போன் அடித்தது. அவள் திரையைப் பார்த்தாள். எடுக்காமல் அப்படியே அப்பாவிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்."

சென்னியப்பன் போனைக் காதில் வைத்தார். இவர் ஹலோ சொல்வதற்குள் அந்தப் பக்கம் தாரணி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டு போனாள்.

"பூவி? ஏய், என்னாச்சுடீ? அம்மா காலையில இருந்து சாமி மேடையை விட்டு எந்திரிக்கவே இல்ல. மாமா மேல இருந்த கோவமெல்லாம் அதுக்குப் போயிருச்சு. கெடச்சிருச்சல்ல? சொல்லித் தொலை."

"நான் மாமா பேசறேன் கண்ணு."

"மாமா! சொல்லுங் மாமா. கெடச்சிருச்சுங்களா?"

கிடைத்துவிட்டது என்று சொல்ல அவருக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி முடியாது. ஒரே ஒரு வார்த்தை. ஓரிரண்டு நாளாவது அந்தப் பெண் சந்தோஷமாக இருப்பாள். பூவிழி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல கண்ணு. கெடைக்கல. அவ கண்ணுல ஏதோ கொறையாம். மொதத் தடவையும் அதனாலதானாம்."

"அப்ப என்ற வலிப்பு?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லியாம்."

போன் அறுந்துவிட்டதோ என்று ஒருமுறை எடுத்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை. திரும்பக் காதில் வைத்தபோது தாரணி பேசினாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போல, சின்னப் பிள்ளைக் குரலில் கேட்டாள்.

"அப்பறம் எதுக்குங் மாமா சொன்னீங்?"